தலைக்கு மேல் இருக்கும் இரும்பு

கலிபோர்னியாவின் இம்பீரியல் மணற்குன்றுகளிலும் யூட்டா மாநிலத்து மோவாப் பாறைகளிலும் ஓடும் சைடு-பை-சைடு வண்டிகளைக் கவனித்தால், கம்பெனி கொடுத்த ரோல் கேஜை, அதாவது உருண்டால் ஆளைக் காக்கும் குழாய்க் கூண்டை, கழற்றிவிட்டுத் தனிப் பட்டறையில் செய்த கேஜை மாட்டியவை நிறையவே தென்படும். கூரை தாழ்ந்திருக்கும், பின்பக்கம் சரிந்திருக்கும், வண்டியின் நிறத்துக்குப் பொருத்தமாகப் பவுடர் கோட்டிங் பூசியிருக்கும். பார்க்க அழகுதான். வண்டி உருளும்போது அந்தக் குழாய்கள் என்ன செய்யும் என்பதுதான் இங்கே கேள்வி. வாங்குபவர்கள் பெரும்பாலும் குழாயின் விட்டத்தையும் எஃகின் பெயரையும் கேட்டு முடிவெடுத்துவிடுகிறார்கள். என் கணக்கில் அவை மூன்றாவது, நான்காவது கேள்விகள். கேஜ் நசுங்கிய பிறகும் தலைக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது முதல் கேள்வி. மூட்டுகள் தாங்குமா என்பது இரண்டாவது.

இந்த வண்டிகள் வளர்ந்த வேகத்தை முதலில் பார்க்க வேண்டும். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்து, ஸ்டீயரிங் பிடித்து, சாலையில்லாத இடங்களில் ஓட்டுவதற்கென்று வந்தவை இவை. போலாரிஸ் நிறுவனத்தின் ஆர்.இசட்.ஆர். 2008 மாடலாக வந்தபோது அகலம் 50 அங்குலம், திறன் சுமார் 50 குதிரைத்திறன். அதே வரிசையில் 2022 மாடலாக வந்த புரோ ஆர் 225 குதிரைத்திறன் கொண்டது. ஆளைச் சுற்றியுள்ள கேஜோ இன்றும் குழாய்ச் சட்டம்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியைவிட 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்குள் நான்கு மடங்கு ஆற்றல் இருக்கிறது. உருளும்போது அதில் ஒரு பங்கைத் தரை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தைக் கேஜும் உள்ளே இருப்பவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

யமஹா ரைனோவின் கதை இந்தத் துறையில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. 2009 மார்ச்சில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் யமஹாவும் சேர்ந்து ரைனோ வண்டிகளுக்கு ஓர் இலவசச் சீரமைப்புத் திட்டத்தை அறிவித்தன. ஆணையம் ஆராய்ந்த 50க்கும் மேற்பட்ட விபத்துகளில் 46 பேர் உயிரிழந்திருந்தார்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வண்டி உருண்டவை. அப்படி உருண்டவற்றில் பலர் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. பின்சக்கரங்களுக்கு 50 மில்லிமீட்டர் இடைத்துண்டு வைத்து வண்டியின் கால்பரப்பை அகலமாக்கினார்கள். பின்புறத்து ஆன்டி-ஸ்வே பாரைக் கழற்றினார்கள். அதற்கு முன்பே, 2007இல், கால் வெளியே போய்விடாமல் இருக்கக் கதவுகளும் கூடுதல் கைப்பிடிகளும் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ரைனோவில் கேஜ் இருந்தது. கேஜுக்குள் ஆளை நிறுத்திவைப்பதுதான் நடக்கவில்லை. கேஜை மட்டும் தனியாக எடுத்து நல்லது கெட்டது பேசுவதில் பொருளில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கம்பெனி கேஜ் எந்தச் சோதனையைத் தாண்டி வருகிறது என்பதையும் பார்ப்போம். அமெரிக்காவில் இந்த வண்டித் தயாரிப்பாளர்களின் சங்கமான ரோவா வகுத்த தரவிதி, மண்வேலை இயந்திரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 3471 அல்லது டிராக்டர்களுக்கான அமெரிக்க அரசு விதி, இரண்டில் ஒன்றின்படி கேஜைச் சோதிக்கச் சொல்கிறது. ஐ.எஸ்.ஓ. சோதனையில் பக்கவாட்டிலும் மேலிருந்தும் முன்பின்னாகவும் மெதுவாக அழுத்தம் கொடுப்பார்கள். மேலிருந்து வரும் அழுத்தம் இயந்திரத்தின் எடையைப் போல இரண்டு மடங்கு. அத்தனை அழுத்தத்துக்குப் பிறகும் ஆள் அமரும் இடத்துக்குள் எந்தக் குழாயும் நுழைந்திருக்கக் கூடாது. கேஜ் வளையலாம், வளையத்தான் வேண்டும். வளைந்தபடியே ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும். டிராக்டர் விபத்துகளிலிருந்து பிறந்த சிந்தனை இது. சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. அதன் பின் அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது பெருமளவு குறைந்தது.

தனிப் பட்டறைக் கேஜுக்கு இந்தச் சோதனை பொதுவாக நடப்பதில்லை. ஒரே ஒரு வண்டிக்காகச் செய்ததை நசுக்கிப் பார்த்துவிட்டு விற்க முடியாது. அதனால் அது மோசம் என்று ஆகிவிடாது. அனுபவமுள்ள பட்டறையின் கேஜ் கம்பெனிக் கேஜைவிடப் பல மடங்கு உறுதியாக இருக்கலாம். ஆனால் அதை உறுதிப்படுத்தும் பொறுப்பு வாங்குபவர் தலையில் வந்துவிடுகிறது. காட்டுப் பாதையில் நிதானமாகப் போகிறவர், பண்ணை வேலைக்கு வண்டி வைத்திருப்பவர், அழகுக்காகக் கம்பெனிக் கேஜைக் கழற்றக் கூடாது என்பதே என் எண்ணம். பெல்ட்டையும் கதவையும் ஹெல்மெட்டையும் மேம்படுத்த அந்தப் பணத்தைச் செலவழிப்பது அவருக்கு மேலும் பயன் தரும். மணற்குன்றின் உச்சியிலிருந்து தாவுகிறவர், மூக்குக் குத்திக் குட்டிக்கரணம் போடும் வேகத்தில் ஓட்டுகிறவர், பந்தயத்தில் இறங்குகிறவர் ஆகியோரின் நிலை வேறு. மெதுவாகச் சாய்ந்து உருளுவதை மனத்தில் வைத்து எழுதிய சோதனை அவர்களுக்குப் போதாது.

பந்தய விதிப்புத்தகங்கள் பந்தயத்துக்குப் போகாதவருக்கும் நல்ல துணை. சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. ராலி கார்களுக்கு வகுத்த விதியில், இருக்கைக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்குக் குறைந்தது 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50க்கு 2 என்ற அளவும் கேட்கிறது; அந்த வளைவு ஒரே குழாயாக இருக்க வேண்டும், நடுவில் ஒட்டுக் கூடாது; வளைக்கும் ஆரம் குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. டக்கார் ராலியில் 2017 முதல் சைடு-பை-சைடு வண்டிகளுக்கென்று தனிப் பிரிவே உண்டு. அமெரிக்கப் பாலைவனப் பந்தயங்களை நடத்துவோர் தனித்தனி அளவுகள் வைத்திருக்கிறார்கள். எனவே பந்தயம் உத்தேசமிருந்தால் எந்தப் போட்டி என்பதை முதலில் தீர்மானித்து, அதன் விதியைப் பட்டறைக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். கேஜ் முடிந்த பிறகு விதியைப் படிப்பது வீண் செலவு.

இனி எஃகு. கடைகளில் மூன்று பெயர்கள் அடிபடும். தகட்டைச் சுருட்டி விளிம்புகளை மின்சாரத்தால் ஒட்டியது இ.ஆர்.டபிள்யூ. அதே ஒட்டுக் குழாயை அச்சுக்குள் இழுத்து, உள்ளே தண்டு வைத்து, அளவைச் சீராக்கியது டி.ஓ.எம். சிலர் இதைத் தையலே இல்லாத குழாய் என்று சொல்லி விற்பார்கள்; அது தவறு, தையல் இழுபட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது 4130 என்ற எண் கொண்ட குரோமோலி; இதில் சுமார் 0.3 சதவீதம் கார்பனும் ஒரு சதவீத அளவில் குரோமியமும் சிறிதளவு மாலிப்டினமும் இருக்கும்.

குரோமோலி எடை குறைந்தது என்பது பரவலான நம்பிக்கை. சாதா எஃகானாலும் குரோமோலியானாலும் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.85 கிராம்தான். ஒரே அளவில் எடுத்தால் குரோமோலிக் குழாய் எடையில் குறையவே குறையாது. சுமைக்கு எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதிலும் வித்தியாசமில்லை. எல்லா எஃகுக்கும் விறைப்பு ஒன்றுதான். வித்தியாசம் இருப்பது நிரந்தரமாக வளைந்துபோகும் எல்லையில். அதிலும் நல்ல 1020 டி.ஓ.எம்.மும் சாதாரணமாகக் கிடைக்கும் 4130உம் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கின்றன. இரண்டும் 450 மெகாபாஸ்கலை ஒட்டிய அளவு. ஆனால் டி.ஓ.எம்.முக்கு அந்த வலு குளிர்ந்த நிலையில் இழுத்ததால் கிடைத்தது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதில் ஒரு பகுதி இறங்கிவிடும். குரோமோலியில் ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது: சூடான மூட்டு சட்டென்று குளிர்ந்தால் கடினமாகி, வளைவதற்குப் பதில் விரிசல் விடும். எந்த எஃகை எடுத்தாலும் பலவீனம் மூட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சராசரிப் பட்டறையில் கவனமாகச் செய்த டி.ஓ.எம். கேஜ், அவசரமாகச் செய்த குரோமோலிக் கேஜைவிட நம்பத்தக்கது என்று நான் சொல்வது இதனால்தான்.

விட்டமா கனமா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அமெரிக்கப் பட்டறைகளில் அதிகம் புழங்கும் அளவுகளை எடுத்துக்கொள்வோம். 1.75 அங்குல விட்டமும் 0.120 அங்குலக் கனமும் உள்ள குழாய், மீட்டருக்கு 3.11 கிலோ. 2 அங்குல விட்டமும் 0.095 அங்குலக் கனமும் உள்ளது 2.88 கிலோ. எடை குறைந்த இரண்டாவது குழாய்தான் வளைவைத் தாங்குவதில் சுமார் 10 சதவீதம் வலுவானது, விறைப்பில் 26 சதவீதம் மேல். எஃகு மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. கீழே இறங்கினால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும்: 1.5 அங்குல விட்டத்தில் 0.120 கனக் குழாய், 1.75 அங்குல விட்டத்தில் 0.095 கனக் குழாயைவிட எடையும் அதிகம், வலுவும் குறைவு. ‘கனமான பைப் போட்டிருக்கோம்’ என்ற வார்த்தையை மட்டும் கேட்டுத் திருப்தியடையக் கூடாது.

மெல்லிய சுவருக்கு ஒரு குறையும் உண்டு. கூர்மையான பாறையில் விழுந்தால் பெரிய விட்டமும் மெல்லிய சுவரும் உள்ள குழாயில்தான் முதலில் ஒடுக்கு விழும். ஒடுக்கு விழுந்த இடத்தில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது, குழாய் மடங்கிவிடும். மணலில் மட்டும் ஓட்டுகிறவருக்கு 2 அங்குலம், 0.095 கனம் பொருத்தம். மோவாப் போன்ற பாறை நிலத்தில் கதவோரக் குழாயும் கூரையின் ஓரமும் பாறையில் உரசிக்கொண்டே போகும் என்பதால் அங்கே 0.120 கனத்தைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். ஒரே கேஜில் இடத்துக்கு இடம் வேறு வேறு அளவு போடுவதும் முறையே. முதன்மை வளைவுகளுக்குப் பெரிய குழாய், சாய்குழாய்களுக்குச் சிறிய குழாய்.

அளவைவிட அமைப்பு முக்கியம். நான்கு பக்கச் சட்டத்தை மூலையில் தள்ளினால் அது சரிந்துவிடும். குறுக்கே ஒரு மூலைவிட்டக் குழாய் போட்டு முக்கோணமாக்கினால் சரியாது. பல அழகுக் கேஜ்களில் கூரை முழுக்கத் திறந்த சதுரமாக இருக்கும், இருக்கைக்குப் பின்னாலுள்ள வளைவில் மூலைவிட்டமே இருக்காது. பக்கவாட்டில் உருளும்போது அந்தப் பின்வளைவுதான் பெரும் சுமையை வாங்குகிறது. அங்கே சாய்குழாய் இல்லாத கேஜை, அது எந்த எஃகாக இருந்தாலும், நான் வேண்டாம் என்று சொல்வேன். முன்தூண் அடுத்தபடி கவனிக்க வேண்டிய இடம். பார்வை மறைக்கும் என்று சொல்லி முன்பக்கச் சாய்குழாய்களைத் தவிர்ப்பது வழக்கம். மூக்குக் குத்தி விழும் வண்டியில் முன்தூண் தனியாக நின்று அத்தனையையும் தாங்க வேண்டிவரும். குழாய்கள் சந்திக்கும் இடமும் பார்க்கத்தக்கது. சாய்குழாய் வந்து மூட்டிலேயே சேர வேண்டும். மூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, குழாயின் நடுவயிற்றில் வந்து முட்டினால், சுமையை மூட்டுக்குக் கடத்துவதற்குப் பதில் அந்தக் குழாயையே ஒடிக்கும். நான்கு இருக்கை வண்டியில் கூரை நீளம் என்பதால் நடுவிலும் ஒரு முழு வளைவு இருந்தே ஆக வேண்டும்.

கூரையைத் தாழ்த்துவது இன்றைய மோகம். காற்றைக் கிழிப்பதுபோல் தோற்றம் வரும், எடையும் கொஞ்சம் கீழே இறங்கும். ஆனால் தாழ்த்தும் ஒவ்வொரு அங்குலமும் தலைக்கு மேலுள்ள இடத்திலிருந்தே போகிறது. மாணவர்கள் வண்டி கட்டிப் போட்டியிடும் பாஹா எஸ்.ஏ.இ. விதியில், ஓட்டுநரின் ஹெல்மெட்டுக்கும் கேஜின் குழாய்களுக்கும் இடையே 6 அங்குலம், அதாவது 152 மில்லிமீட்டர், இடைவெளி கேட்கிறார்கள். உங்கள் வண்டியில் அளக்கும்போது ஹெல்மெட் மாட்டி, பெல்ட்டை இறுக்கி, உங்கள் சொந்த இருக்கையிலேயே அமர்ந்து அளக்க வேண்டும். வண்டியை ஓட்டப்போகும் ஆட்களில் உயரமானவரை உட்காரவைத்து அளப்பது இன்னும் நல்லது. பெல்ட் எவ்வளவு இறுக்கினாலும் தலைகீழாகத் தொங்கும் உடம்பு சில அங்குலம் கூரையை நோக்கி நீளும்.

இங்கேதான் ஹார்னஸ், அதாவது தோளையும் இடுப்பையும் கட்டும் பந்தயப் பெல்ட், வருகிறது. தோள் வார்கள் தோளிலிருந்து கிடைமட்டமாகவோ சற்றே கீழ்நோக்கியோ பின்னால் போக வேண்டும். அவை கட்டப்படும் குறுக்குக் குழாய் தோளைவிட மிகவும் தாழ்ந்திருந்தால், மோதும்போது வார் முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். கேஜ் செய்யும்போதே இருக்கை எது என்று முடிவாகியிருந்தால்தான் அந்தக் குழாயின் உயரம் சரியாக வரும். இருக்கையைப் பிறகு மாற்றினால் எல்லாம் கெடும். பக்கவாட்டு வலையும் அலங்காரமல்ல. வண்டி சாயும்போது கை தானாகவே வெளியே நீண்டு கேஜைப் பிடிக்கப் போகும், அந்தக் கை குழாய்க்கும் தரைக்கும் நடுவில் சிக்கும். தலை எட்டும் குழாய்களுக்கு எஸ்.எஃப்.ஐ. 45.1 தரத்துக் கடினப் பஞ்சு உறை சுற்ற வேண்டும். ஏசி பைப்பில் சுற்றும் மென்மையான நுரை அந்த வேகத்தில் ஒன்றும் செய்யாது.

எவ்வளவு நல்ல கேஜும் வண்டியின் சேஸிஸில் எப்படிப் பொருந்துகிறது என்பதில்தான் நிற்கிறது. தரம் வாய்ந்த குழாயில் கட்டிய கேஜைக் கம்பெனி விட்டுவைத்த மெல்லிய காதுத் தகடுகளில் நாலைந்து போல்ட் போட்டு மாட்டினால், உருளும்போது கேஜ் முழுசாக இருக்கும், தகடு கிழிந்திருக்கும். ராலி கார்களுக்கு எஃப்.ஐ.ஏ. ஒவ்வொரு முதன்மைக் காலுக்கும் குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள வலுவூட்டுத் தகடும் குறைந்தது மூன்று போல்ட்டும் கேட்பது இதை நினைத்துத்தான். சுமை ஒரு புள்ளியில் குத்தாமல் பரவ வேண்டும். பட்டறைக்குப் போகும்போது கேஜின் படத்தைவிட அதன் கால்களின் படத்தைக் கேளுங்கள்.

எடையைப் பற்றிச் சுருக்கமாக. 700 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கனமான கேஜ், அலுமினியக் கூரை, விளக்குப் பட்டை, ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து 25 கிலோ கூடுதலாக 165 சென்டிமீட்டர் உயரத்தில் ஏறினால், ஈர்ப்பு மையம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் மேலே போகும். வண்டி கவிழாமல் நிற்கும் திறன் அதனால் ஏறத்தாழ 5 சதவீதம் குறையும். உருண்டால் காக்க வேண்டிய பொருள், உருளும் வாய்ப்பைக் கூட்டிவிடக் கூடாது. குழாயில் எடை கூடுவது பரவாயில்லை. ஸ்பீக்கரைக் கீழே இறக்குங்கள்.

வெல்டிங்கை நான் கடைசியில் வைத்தாலும் அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிப்பது. சாதா எஃகுக்கு மிக் வெல்டிங் போதும். குரோமோலிக்கு டிக் வெல்டிங்தான் வேண்டும் என்று அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதி சொல்கிறது. வெல்டிங்கைத் தேய்த்து மழுக்கவும் அது அனுமதிப்பதில்லை. தேய்த்த மூட்டு பார்க்க நேர்த்தி, உள்ளே உலோகம் குறைந்திருக்கும். குழாயின் நுனியை மற்றக் குழாயின் வளைவுக்கு ஏற்ப இடைவெளியில்லாமல் குடைந்திருக்கிறார்களா, மூட்டைச் சுற்றி முழு வட்டமும் வெல்டிங் ஓடியிருக்கிறதா, கூரைக்கு மேற்புறம் கை போகாத இடத்தில் பாதியில் விட்டிருக்கிறார்களா என்பதையெல்லாம் பவுடர் கோட்டிங்குக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பூச்சு விழுந்த பிறகு எல்லா மூட்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். எனவே பூச்சுக்கு முன் ஒருநாள் நேரில் வந்து பார்ப்பேன் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். மறுக்கும் பட்டறையில் வேலை கொடுக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் சைடு-பை-சைடு வண்டி அபூர்வம், ரோல் கேஜ் அபூர்வமல்ல. 2007இல் தொடங்கிய பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டிக்காக இங்குள்ள பொறியியல் கல்லூரி மாணவர்கள் கேஜ் கட்டுகிறார்கள். அந்த விதியில் குறைந்தபட்ச அளவு 25 மில்லிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் கனமும், கார்பன் 0.18 சதவீதத்துக்குக் குறையாமலும். வேறு அளவு போட விரும்பினால் அதற்கு இணையான வளைவு வலுவும் விறைப்பும் உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கேஜை வெல்டிங் செய்தவரே மாதிரி மூட்டுகளையும் செய்து, ஒன்றை உடைத்தும் இன்னொன்றை அறுத்தும் காட்ட வேண்டும். அறுத்த முகத்தில் உலோகம் உள்வரை உருகிச் சேர்ந்திருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். லட்சக்கணக்கில் கொடுத்துக் கேஜ் வாங்கும் ஒருவர் பட்டறையிடம் இதே மாதிரி மூட்டைக் கேட்பதில் தவறே இல்லை. அரை மணி நேர வேலை. அமெரிக்காவின் டி.ஓ.எம்.முக்கு நிகரான குழாய் இங்கே சி.டி.டபிள்யூ. என்ற பெயரில் கிடைக்கிறது. ஆவடியிலுள்ள டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவே அதைத் தயாரிக்கிறது. அப்படியிருக்க, மலைப்பாதை ஜீப்புகளுக்கு ‘சி கிளாஸ்’ தண்ணீர்க் குழாயில் கேஜ் கட்டுவது இன்னும் நின்றபாடில்லை. தண்ணீர்க் குழாயின் வகுப்பு அதன் சுவர்க் கனத்தைக் குறிப்பது. வளைத்தால் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அதில் உத்தரவாதம் கிடையாது. ஹெல்மெட் போடாமல் ஓட்டும் சாலை ஜீப்பில் தலைக்குப் பக்கத்தில் வெறும் இரும்புக் குழாய் இருப்பதும் தனி ஆபத்து. சாதாரண மோதலிலேயே தலை அதில் இடிக்கும்.

வண்டி ஒருமுறை உருண்டுவிட்டால் கேஜ் நேராகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து ஓட்டத் தொடங்கக் கூடாது. வளைந்த குழாயைச் சூடுகாட்டி நிமிர்த்தவும் கூடாது. வெட்டியெடுத்துப் புதிதாகப் போட வேண்டும். மூட்டுகளைச் சுற்றிப் பூச்சைச் சுரண்டி, ஊடுருவும் சாயம் தடவி விரிசல் பார்க்கலாம். சுமை வாங்கிய ஹார்னஸை மாற்றிவிட வேண்டும். கேஜின் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே டேப் பிடித்து அளந்தால், கண்ணுக்குத் தெரியாத கோணலும் தெரிந்துவிடும். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அளவு கையில் இருக்க வேண்டும். கேஜை ஒப்படைக்கும் அன்றே அந்த மூலைவிட்ட அளவுகளைப் பட்டறைக்காரரிடம் எழுதி வாங்கி, வண்டிக் காகிதங்களோடு வைத்துக்கொள்வது நல்லது.